ஒரே பாறை, ஆளுக்கொரு விடை

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வெஸ்டர்லி என்ற ஊரில் வெட்டிய கருங்கல் ஒன்று. வர்ஜீனியா மாநிலத்தின் சென்டர்வில்லில் எடுத்த கறுத்த டயபேஸ் பாறை ஒன்று. 1940களின் இறுதியில் இந்த இரண்டையும் மாவாக இடித்து, சீராகக் கலந்து, குப்பிகளில் அடைத்துப் பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். கருங்கல்லுக்கு ஜி-1 என்றும் டயபேஸுக்கு டபிள்யூ-1 என்றும் பெயர் வைத்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இதில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது?

சோதித்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. பாறையைக் கரைத்து எடை போடுவதிலேயே ஆயுளைக் கழித்த கைகாரர்கள். ஆனாலும் 1951இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை எல்லா விடைகளையும் சேர்த்து அச்சிட்டபோது துறையே திகைத்துப்போனது. சிலிக்கா, அலுமினா என்று தலைமுறை தலைமுறையாக அளந்து பழகிய பொருள்களில்கூட ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. மிகச் சிறிய அளவில் இருக்கும் தனிமங்களிலோ வித்தியாசம் மடங்குக் கணக்கில் இருந்தது. மாவு ஒன்றுதான். அப்படியானால் விடைகளில் தெரிந்த வேறுபாடு பாறையுடையது அல்ல, அளந்தவர்களுடையது. அதுவரை உலகமெங்கும் அச்சாகியிருந்த பாறைப் பகுப்பாய்வுப் பட்டியல்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற சங்கடமான கேள்வி அன்று எழுந்தது.

இளநிலைப் பட்டப் படிப்பில் புவிவேதியியலைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் பெரும்பாலான பாடநூல்கள் இங்கே தொடங்குவதில்லை. பெருவெடிப்பு, விண்மீன்களுக்குள் தனிமங்கள் உருவான விதம் என்று வானத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்லத் தரையிறங்குகின்றன. இந்தியாவில் பெரும்பாலும் இது தனிப் பட்டமாகவும் இருப்பதில்லை. பி.எஸ்சி. புவியியலுக்குள் ஒரு தாள், அவ்வளவுதான். இரும்பு விரும்பிகள், கந்தக விரும்பிகள், பாறை விரும்பிகள், வளி விரும்பிகள் என்று தனிமங்களைப் பிரிக்கும் அட்டவணையை மனப்பாடம் செய்தால் பத்து மதிப்பெண் நிச்சயம். கலிபோர்னியாவின் கால்டெக் போன்ற சில இடங்களில் மட்டும் புவிவேதியியலையே முதன்மைப் பாடமாக எடுத்து இளநிலைப் பட்டம் வாங்க முடியும். எங்கே படித்தாலும் மலையேறும் ஆசையில் புவியியலுக்கு வந்த மாணவர், இரண்டாம் ஆண்டில் மடக்கைக் கணக்கும் வெப்ப இயக்கவியலும் வழிமறித்து நிற்பதைக் கண்டு கொஞ்சம் கலங்கத்தான் செய்வார்.

முதல் சோதனை சுத்தியலோடு வருகிறது. பல்லாவரத்துக் குன்றில் உடைத்த சார்னோக்கைட் துண்டு ஒன்று ஆய்வகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்தோல் வெயிலிலும் மழையிலும் சிதைந்தது. அதைச் செதுக்கி எறிய வேண்டும். உள்ளே இருக்கும் புதிய பாறையை இடிக்க வேண்டும். எதில் இடிப்பது? எஃகு உரலில் இடித்தால் இரும்பும் குரோமியமும் மாவில் ஏறும். டங்ஸ்டன் கார்பைடு அரைவையில் போட்டால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் டாண்டலமும் வந்து ஒட்டிக்கொள்ளும். அகேட் கல்லில் அரைத்தால் சுத்தம்தான், ஆனால் நேரம் பிடிக்கும், கல்லும் விலை அதிகம். ஆக, கோபால்ட் அளக்கப் போகிறவர் கார்பைடைத் தொடக்கூடாது என்ற முடிவை, பாறை இன்னும் முழுதாக மேசையில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும்.

பிறகு மாவை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். சிலிக்கேட்டுகளை உடைக்க அதற்கு ஈடில்லை; மனிதத் தோலையும் எலும்பையும் அதே ஆர்வத்தோடு தாக்கும் என்பதால் பல கல்லூரிகளில் இளநிலை மாணவர்களை அதன் பக்கத்தில் விடுவதில்லை. மாவை அழுத்தி வில்லையாக்கி எக்ஸ் கதிரில் காட்டும் முறை அவர்களுக்குப் பாதுகாப்பானது. எந்த முறையானாலும் வரிசையில் இரண்டு விருந்தாளிகள் கட்டாயம். ஒன்று, விடை ஏற்கெனவே தெரிந்த தரப் பாறை. ஜி-1 தீர்ந்துபோன பிறகு ஜி-2 வந்தது, கொலம்பியா ஆற்றுப் பசால்ட்டிலிருந்து பிசிஆர்-1 வந்தது. இன்னொன்று ஆய்வகத்தார் ‘பிளாங்க்’ என்று சொல்லும் வெறும் குழாய். பாறையே போடாமல், அமிலத்தையும் தண்ணீரையும் மட்டும் அதே பாத்திரத்தில், அதே நேரம், அதே சூட்டில் வைத்து அளப்பது. வெறும் குழாயில் வருகிற எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். இருப்பதில்லை.

அளந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்தவர் விக்டர் கோல்ட்ஷ்மிட். 1888இல் சூரிச்சில் பிறந்து, சிறுவனாக நார்வே வந்தவர். முதல் உலகப் போரில் மூலப்பொருள் தட்டுப்பாடு வந்தபோது, 1917இல் நார்வே அரசு ஒரு மூலப்பொருள் ஆய்வகத்தை அவர் பொறுப்பில் விட்டது. எந்தத் தனிமம் எந்தக் கனிமத்தில் ஒளிந்திருக்கும் என்ற கேள்வி அங்கே வயிற்றுப்பாட்டுக் கேள்வியாகவே இருந்தது. எக்ஸ் கதிர்களால் படிகங்களை ஆராய்ந்து, 1926இல் அயனிகளின் ஆரங்களைப் பட்டியலிட்டார். அந்தப் பட்டியலிலிருந்து எளிய விதி ஒன்று பிறந்தது: ஆரம் ஏறத்தாழ 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால், மின்னூட்டமும் பொருந்தினால், ஒரு தனிமம் இன்னொன்றின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பேருந்தில் இருவர் இருக்கைக்குள் கொஞ்சம் பருத்தவர் நெருக்கி உட்காருவதைப் போலத்தான். ஓர் அளவுக்கு மேல் போனால் நின்றுகொண்டே வர வேண்டியதுதான்.

மக்னீசியம் இருக்க வேண்டிய ஆலிவின் கனிமத்தில் நிக்கல் ஏறுவது இதனால்தான். பொட்டாசியம் இருக்கும் ஃபெல்ட்ஸ்பாரிலும் மைக்காவிலும் ருபீடியம் ஏறுகிறது. சிர்கோனியமும் ஹாஃப்னியமும் ஆரத்தில் இரட்டையர்கள். அதனால் சிர்கான் கனிமத்துக்குள்ளேயே ஒளிந்திருந்த ஹாஃப்னியத்தை 1923இல் கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிரில் பிடிக்கும்வரை யாருக்கும் அது தெரியவில்லை. பல்லாவரத்துச் சார்னோக்கைட்டைப் போல ஆழத்தில் வெந்து உலர்ந்த பாறைகள் சிலவற்றில் பொட்டாசியத்தோடு ஒப்பிட்டால் ருபீடியம் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கும். உடன்பயணியைக் காணோம் என்றால் அவர் எங்கே, எதோடு இறங்கிப்போனார் என்று தேட வேண்டும். வெளியேறிய நீரோடு போனாரா, உருகிப் பிரிந்த குழம்போடு போனாரா என்பதில் ஆய்வாளர்கள் இடத்துக்கு இடம் வேறுவேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

நல்ல ஆசிரியர் இந்த விதியைச் சொல்லிக்கொடுத்த மறுநாளே அதை உடைத்தும் காட்டுவார். பழைய பட்டியல்களில் சோடியத்தின் ஆரமும் ஒற்றை மின்னூட்டமுள்ள செம்பின் ஆரமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனாலும் ஃபெல்ட்ஸ்பாரில் சோடியத்தின் இடத்தைச் செம்பு பிடிப்பதில்லை. அது கந்தகத்தைத் தேடிப் போய்விடுகிறது. அளவு மட்டும் போதாது, பிணைப்பின் குணமும் பார்க்க வேண்டும் என்று 1955இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் திருத்தினார்.

கோல்ட்ஷ்மிட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. யூதரான அவரை, ஜெர்மானியர் பிடியிலிருந்த நார்வேயில் 1942இல் கைது செய்தார்கள். ஆஷ்விட்ஸுக்குப் போகும் கைதிகளை ஏற்றத் துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. கடைசி நேரத்தில் அவரை வரிசையிலிருந்து விலக்கினார்கள். அவருடைய அறிவியல் நாட்டுக்குத் தேவை என்று சிலர் வாதாடியிருந்தார்கள். பிறகு சுவீடன் வழியாகப் பிரிட்டனுக்குத் தப்பினார், 1947இல் இறந்தார், அவருடைய பெருநூல் 1954இல்தான் வெளிவந்தது. அவரிடம் ஆஸ்லோவில் படித்த நியூசிலாந்துக்காரர் பிரையன் மேசன் அதற்கு முன்பே, 1952இல், மாணவர்களுக்காக ஒரு சிறு புவிவேதியியல் நூலை எழுதிவிட்டார். பல தலைமுறைகளின் பாடநூல் அதுவாகத்தான் இருந்தது.

மூன்றாம் ஆண்டுவாக்கில் மாணவர் கையில் ஒரு வரைபடம் வருகிறது. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான அருமண் தனிமங்கள் கிடைமட்டத்தில். அவற்றின் அளவு செங்குத்தில். அப்படியே வரைந்தால் ரம்பப் பல்லாக ஏறி இறங்கும், ஏனென்றால் அண்டத்தில் இரட்டைப்படை அணு எண் கொண்ட தனிமங்கள் பக்கத்து ஒற்றைப்படைக்காரர்களைவிட அதிகம். அதனால் ஒவ்வொன்றையும் விண்கல்லில் உள்ள அளவால் வகுக்கிறார்கள். ரம்பம் மறைந்து வழவழப்பான கோடு வரும். அந்தக் கோட்டில் நடுவே ஒரே ஓர் இடத்தில், யூரோப்பியத்தில் மட்டும், சில சமயம் பள்ளம் விழும்.

1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலவுப் பசால்ட்டுகளில் இந்தப் பள்ளம் ஆழமாக இருந்தது. அருமண் தனிமங்கள் பொதுவாக மூன்று மின்னூட்டம் கொண்டவை. யூரோப்பியம் மட்டும் ஆக்சிஜன் குறைந்த சூழலில் இரண்டோடு நின்றுவிடும். அப்போது அது ஸ்ட்ரான்ஷியத்தைப் போல நடந்து, பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரில் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கும். ஆகவே நிலவின் உள்ளே இந்தக் குழம்பு எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்து ஃபெல்ட்ஸ்பார் முன்பே பிரிந்து போயிருக்க வேண்டும். எங்கே போனது? மேலே. நிலவின் வெளிறிய உயர்நிலங்கள் ஃபெல்ட்ஸ்பார் நிறைந்த அனார்த்தோசைட்டால் ஆனவை. அங்கே யூரோப்பியம் பள்ளமாக இல்லை, மேடாக நிற்கிறது. இளம் நிலவு உருகிய குழம்புக் கடலாக இருந்தது, லேசான ஃபெல்ட்ஸ்பார் மிதந்து மேலோடாக உறைந்தது என்ற எண்ணம் 1970வாக்கில் உருவானது. வெறுங்கண்ணால் நிலவில் தெரியும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் கணக்கு எழுதியதில் ஒரு தனிமத்துக்குப் பெரிய பங்கு.

இதெல்லாம் கவர்ச்சியான பகுதி. பட்டதாரிகள் பலருக்குப் பிற்பாடு சோறு போடுவது வேறொன்று: தண்ணீர்.

தண்ணீர்ப் பாடத்தின் செவ்வியல் கணக்கு 1967இல் வந்தது. அமெரிக்காவின் சியரா நெவாடா மலையின் ஊற்று நீர்ப் பகுப்பாய்வுகளை ராபர்ட் கேரல்ஸும் ஃப்ரெட் மெக்கன்சியும் எடுத்துக்கொண்டார்கள். பனியோடு வந்த உப்பை முதலில் கழித்தார்கள். மிஞ்சிய சோடியமும் கால்சியமும் பிளாஜியோகிளேஸ் கரைந்து களிமண்ணாக மாறியதால் வந்தது என்று கொண்டு, அதற்கான சிலிக்காவையும் பைகார்பனேட்டையும் கழித்தார்கள். மக்னீசியத்தைக் கறுப்பு மைக்காவின் கணக்கில் எழுதினார்கள். மீந்த பொட்டாசியத்தை இன்னொரு ஃபெல்ட்ஸ்பாரின் கணக்கில் எழுதினார்கள். கடைசியில் பட்டியல் ஏறக்குறையக் காலியானது. கரைந்திருந்ததில் பெரும்பகுதி பிளாஜியோகிளேஸ் கொடுத்தது என்று தெரிந்தது. கூட்டல் கழித்தல் தெரிந்த எந்த மாணவரும் ஒரு மாலைப்பொழுதில் இதைத் திரும்பச் செய்துபார்க்கலாம். தாளின் அடியில் சிலிக்கா எதிர்மறையாக வந்தால் எங்கோ தவறு என்று அர்த்தம்.

தருமபுரிக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும், முற்றினால் எலும்புக் கோளாறும் அங்கே நெடுநாள் பிரச்சினை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகோலில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. ஃபுளோரைடு பாறையிலிருந்து வருகிறது என்பது எளிய பதில். கறுப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்ட், அபடைட் ஆகியவற்றில் அது இருக்கிறது. ஆனால் அதே வகைப் பாறையில் போட்ட ஒரு கிணற்றில் நீர் நன்றாகவும் இன்னொன்றில் மோசமாகவும் இருப்பதற்கு அந்தப் பதில் போதாது.

இங்கேதான் வேதியியல் வகுப்பில் சலிப்போடு படித்த கரைதிறன் பெருக்கம் உயிர்பெறுகிறது. கால்சியமும் ஃபுளோரைடும் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்திருந்தால் ஃபுளோரைட் என்ற கனிமமாகப் படிந்துவிடும். நீரில் கால்சியம் லிட்டருக்கு 40 மில்லிகிராம் இருந்தால், கணக்குப்படி ஃபுளோரைடு சுமார் 3 மில்லிகிராமுக்கு மேல் நிற்க முடியாது. கால்சியம் 4 மில்லிகிராமாகக் குறைந்தால் அந்த மேல்வரம்பு 10ஐத் தாண்டிவிடும். பத்தில் ஒன்றாகக் குறைந்த கால்சியம், மூன்று மடங்குக்கும் மேல் ஃபுளோரைடுக்கு இடம் கொடுக்கிறது. கால்சியம் எப்படிக் குறைகிறது? வறண்ட நிலத்தில் நீர் ஆவியாகும்போது அது பைகார்பனேட்டோடு சேர்ந்து மண்ணுக்கடியில் சுக்கான்கல்லாக உறைகிறது. களிமண்ணில் சோடியத்தோடு இடம் மாற்றிக்கொள்ளவும் செய்கிறது. ஆகவே தோட்டத்தில் சுக்கான்கல் வெட்டி எடுக்கும் இடத்தில், கிணற்று நீர் சோப்புக்கு நன்றாக நுரைக்கும் இடத்தில், ஃபுளோரைடைச் சோதிக்கச் சொல்ல ஒரு பி.எஸ்சி. மாணவருக்கே போதிய காரணம் இருக்கிறது. மென்னீர் நல்ல நீர் என்ற பொதுப் புத்திக்கு இது நேர் எதிர். அரசு கடைசியில் தேர்ந்தது வேதியியல் வழியை அல்ல. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரையே குழாயில் கொண்டுவந்தார்கள்.

வங்காள டெல்டாவின் கதை இதைவிடக் கொடியது. வயிற்றுப்போக்கு நோய்களுக்கு அஞ்சி, குளத்து நீரை விட்டுக் குழாய்க் கிணற்று நீருக்கு மாறும்படி 1970களிலிருந்து கோடிக்கணக்கானவர்களைத் திருப்பினார்கள். 1983இல் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமத்து நோயாளிகளின் தோலில் ஆர்செனிக்கின் அடையாளத்தைக் கண்டார். எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தில் 1992இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் குழாய்க் கிணறுகளின் நீரைப் பல தனிமங்களுக்குச் சோதித்தது; அந்தப் பட்டியலில் ஆர்செனிக் இல்லை. அது ஏன் இல்லை என்ற வழக்கு லண்டன் வரை போனது. 2006இல் பிரபுக்கள் சபை, கிராமத்தார் விஷயத்தில் ஆய்வகத்துக்குச் சட்டப் பொறுப்பு இல்லை என்று முடித்தது. சட்டம் அப்படிச் சொல்லட்டும். எதை அளப்பது என்ற பட்டியலும் ஓர் அறிவியல் முடிவுதான் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிடக் கசப்பான உதாரணம் கிடைக்காது.

ஆர்செனிக் எப்படி நீரில் இறங்கியது என்பதில் இரண்டு கட்சிகள் இருந்தன. பாசனத்துக்கு அளவின்றி உறிஞ்சியதால் நீர்மட்டம் இறங்கி, காற்றுப் புகுந்து, மண்ணிலிருந்த பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆர்செனிக்கை விட்டது என்றது ஒன்று. புதைந்த இலைதழையைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் தீர்ந்ததும் மணல்துகள்மேல் பூசியிருந்த இரும்புத் துருவைக் கரைத்தன, துருவில் ஒட்டியிருந்த ஆர்செனிக் நீருக்கு வந்தது என்றது மற்றது. அரசியலாகப் பார்த்தால் முதலாவதில் குற்றவாளி மனிதர், இரண்டாவதில் இயற்கை. அதனால் சண்டையில் சூடும் இருந்தது. பைரைட் உடைந்திருந்தால் ஆர்செனிக்கோடு சல்ஃபேட்டும் ஏறியிருக்க வேண்டும். அளந்தபோது ஆர்செனிக் மிகுந்த நீரில் சல்ஃபேட் குறைவாகவும், கரைந்த இரும்பும் பைகார்பனேட்டும் அதிகமாகவும் இருந்தன. துருக் கட்சி வென்றது. கேள்வி அதோடு தீரவில்லை, அந்த நுண்ணுயிர்களின் உணவு பழைய புதைமண்ணிலிருந்து வருகிறதா, மேலே உள்ள குளங்களிலிருந்து இறங்குகிறதா என்ற வாக்குவாதம் அப்புறம் வெகுகாலம் நடந்தது.

ஐசோடோப்புகள் வரும்போது பாடம் மறுபடி வெறும் குழாய்க்கே திரும்புகிறது. டைனோசர்களின் முடிவைக் குறிக்கும் இத்தாலியின் குப்பியோ களிமண் படிவில் இரிடியம் மிகுந்திருப்பதை வால்ட்டர் அல்வாரெஸும் அவர் தந்தை லூயிஸும் வேதியியலாளர்கள் அசாரோ, மைக்கேல் இருவரும் 1980இல் அறிவித்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்குள் இருக்கும் சிறு கதை அவ்வளவு தெரியாது. பக்கத்தில் ஒரு விண்மீன் வெடித்ததுதான் காரணமென்றால் களிமண்ணில் புளுட்டோனியம்-244 இருக்க வேண்டும். தேடினார்கள், கிடைத்தும்விட்டது! பிறகு புது மாதிரி எடுத்து முதலிலிருந்து திரும்பச் செய்தார்கள். ஒன்றுமே இல்லை. முதலில் பார்த்தது ஆய்வகத்திலிருந்து ஒட்டிக்கொண்ட அசுத்தம். சூப்பர்நோவா போய், விண்கல் வந்தது. இரண்டாம் முறை செய்யாமல் விட்டிருந்தால் பாடநூல்களில் வேறொரு கதை அச்சாகியிருக்கும்.

இந்தத் துறையில் அசுத்தத்தோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர் கிளேர் பேட்டர்சன். 1922இல் அயோவாவில் பிறந்தார், கிரின்னெல் கல்லூரியில் வேதியியல் பட்டம் பெற்றார், போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் நிறை நிறமாலைமானியோடு பழகினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது அவரிடம் சிர்கான் துகள்களில் உள்ள ஈயத்தை அளக்கச் சொன்னார்கள். யுரேனியத்தை உடன் பயின்ற ஜார்ஜ் டில்டன் பார்த்துக்கொண்டார். யுரேனியம் சரியாக வந்தது. ஈயம் வர வேண்டியதைவிடப் பல மடங்கு வந்தது. கண்ணாடியில் ஈயம், அமிலத்தில் ஈயம், காற்றின் தூசியில் ஈயம், ஆளின் தலைமுடியில் ஈயம். ஒவ்வொன்றாகத் துரத்தினார். கால்டெக் சென்றதும் தூசி புகாத ஆய்வகம் ஒன்றை அமைத்து, தரையைத் துடைப்பதை ஆய்வின் ஒரு பகுதியாகவே ஆக்கினார்.

அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்லோ விண்கல்லில் டிராய்லைட் என்ற இரும்புச் சல்ஃபைடு உண்டு. அதில் யுரேனியம் கிட்டத்தட்ட இல்லை; ஆகவே சூரியக் குடும்பம் பிறந்தபோது இருந்த ஈயம் அப்படியே கலப்பில்லாமல் நிற்கிறது. அந்த ஆரம்ப ஈயம் தெரிந்துவிட்டால், மற்ற விண்கற்களில் யுரேனியம் சிதைந்து எவ்வளவு சேர்ந்தது என்பதிலிருந்து வயது வந்துவிடும். மூன்று கல் விண்கற்களும் இரண்டு இரும்பு விண்கற்களும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. கடலடி வண்டலில் எடுத்த பூமியின் ஈயமும் அதே கோட்டில் வந்து நின்றது. 1956இல் அச்சான விடை: 455 கோடி ஆண்டுகள், முன்பின் 7 கோடி. இன்றைய மதிப்பு அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. கோட்டின் சாய்விலிருந்து வயதைக் கணக்கிடுவது இப்போது மூன்றாம் ஆண்டு வீட்டுப்பாடம்.

பேட்டர்சன் அங்கே நிற்கவில்லை. ஆய்வகத்தில் இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கடல் நீரை அளந்தபோது ஆழத்தைவிட மேல்மட்டத்தில் ஈயம் மிகுந்திருந்தது. அதாவது அண்மையில்தான் வானிலிருந்து விழுந்தது, இன்னும் கீழே இறங்கவில்லை. கிரீன்லாந்துப் பனியில் தொழில் யுகத்தோடு ஈயம் ஏறிக்கொண்டே வந்தது. கார்களின் பெட்ரோலில் கலந்த ஈயமே முக்கியக் காரணம் என்று 1960களின் நடுவில் எழுதினார். மனித உடலில் இவ்வளவு ஈயம் இருப்பது இயல்புதான் என்று பெட்ரோல் தொழில் சார்ந்த மருத்துவர்கள் பல்லாண்டாகச் சொல்லிவந்தார்கள். அவர்கள் எண்களை இட்டுக்கட்டவில்லை. அளந்த ஒவ்வொரு மாதிரியிலும் ஆய்வகத்தின் ஈயமும் சேர்ந்திருந்தது. ஒப்பிட வைத்துக்கொண்ட மனிதர்களும் ஏற்கெனவே ஈயக் காற்றைச் சுவாசித்தவர்கள். இந்தியா ஈய பெட்ரோலை 2000இல் நிறுத்தியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா, 2021இல்.

வகுப்பில் பூமியின் வயதைவிட நன்றாக மனதில் பதியும் இன்னொரு ஆய்வு உண்டு. 1980இல் டோரதி செட்டிலும் பேட்டர்சனும் ‘சயன்ஸ்’ இதழில் சூரை மீனைப் பற்றி எழுதினார்கள். ஈயப் பற்று வைத்த தகர டப்பாவில் அடைத்த மீனில், ஒரு கிராமுக்கு 1400 நானோகிராம் ஈயம். அமெரிக்க அரசின் மீன்வள ஆய்வகம் பச்சை மீனிலேயே 400 நானோகிராம் இருப்பதாக அளந்திருந்தது. அந்தக் கணக்கில் டப்பா சேர்த்தது சில மடங்குதான். பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. பேட்டர்சனின் தூசியற்ற அறையில் அதே வகைப் பச்சை மீனை அளந்தபோது வந்தது 0.3 நானோகிராம். மீன்வள ஆய்வகத்தின் 400இல் ஏறக்குறைய எல்லாமே கத்தியிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் காற்றிலிருந்தும் வந்தவை. டப்பா சேர்த்தது நான்காயிரம் மடங்குக்கும் மேல். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1991க்குள் ஈயப் பற்றைக் கைவிட்டார்கள். 1995இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் உணவு டப்பாக்களில் அதை முழுவதுமாகத் தடைசெய்தது.